கர்ணன் சாவான் என்று பெரியம்மாவுக்குத் தெரியும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஒரு காலத்தில் படம் என்றால் திடலில் இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டி, பாய் விரித்துப் பார்ப்பதுதான். முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார்கள், அவர்களுக்கு எம்.ஜி.ஆர். இடது கையால் வாள் சுழற்றுவார். பிறகு பால்மரம் என்ற ரப்பர் மரம் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. லயத்து வீடுகளை விட்டுக் குடும்பங்கள் டவுனை ஒட்டிய தாமான் குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்தன. கூரையில் தட்டு, கூடத்தில் பெரிய டிவி. திரையைப் பார்த்துக் கத்துகிற பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

என் பெரியம்மா பால்மரம் சீவி ஓய்ந்தவர். தமிழில் மொழிமாற்றி வந்த மகாபாரதத் தொடரை மறுஒளிபரப்பிலும் விடமாட்டார். கவச குண்டலத்தைக் கர்ணன் அறுத்துக் கொடுக்கும் பகுதி ஓடும்போது நானும் அந்தக் கூடத்தில் இருந்தேன். பெரியம்மா வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தே விட்டார். "குடுக்காதடா! வந்திருக்கிறவன் இந்திரன்டா!" பேரன் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "பாட்டி, அவன் குடுக்கத்தான் போறான். உங்களுக்குத்தான் கதை தெரியுமே" என்றான். "தெரிஞ்சா? தெரிஞ்சா வயிறு எரியாதா?"

பெரியம்மா கேட்டது நல்ல கேள்வி. அறிவியல் அதற்குச் சொல்லும் பதில் கொஞ்சம் சுற்றி வருகிறது.

1944-இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மேரியான் சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு குட்டிப் படம் தயாரித்தார்கள். அதில் மனிதர்களே கிடையாது. ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவு வைத்த ஒரு பெட்டி, அவ்வளவுதான். அவை அங்குமிங்கும் நகரும். பார்த்த 34 பேரிடம் "என்ன நடந்தது?" என்று கேட்டபோது, ஒரே ஒருவர்தான் முக்கோணம் நகர்ந்தது, வட்டம் உள்ளே போனது என்று வடிவங்களாகவே சொன்னார். மற்ற அத்தனை பேரும் கதை சொன்னார்கள். பெரிய முக்கோணம் அடாவடிக்காரனாகிவிட்டது. வட்டம் பயந்து ஓடியது. கோட்டுக்கும் வளைவுக்கும் மனசு வைத்துப் பார்க்கிற மூளை, கண்ணும் வாயும் உள்ள கர்ணனை 'இது நடிப்பு' என்று ஒதுக்கி வைக்குமா?

இல்லாத ஒருவருக்காக நாம் எப்படி அழ முடியும் என்று 1975-இல் காலின் ராட்ஃபோர்ட் என்ற தத்துவப் பேராசிரியர் ஒரு கட்டுரையில் கேட்டார். இன்றுவரை அதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது தத்துவத்தைவிட நேரக்கணக்குச் சிக்கலாகவே படுகிறது. ஒரு முகம் வலியில் சுருங்குவதைக் கண்டதும் உடம்பு வேலையைத் தொடங்கிவிடுகிறது. 'இது கதை' என்ற அறிவு கூடவே இருந்தாலும், அந்த வேலையை நிறுத்தும் அதிகாரம் அதற்குக் கிடையாது. நாற்காலியை விட்டு ஓடாமல் உட்கார வைக்கும் அளவுக்குத்தான் அதன் பலம்.

ஆனால் திரையில் சாகிற எல்லாருக்காகவும் நாம் அழுவதில்லையே. குருக்ஷேத்திரத்தில் ஒவ்வொரு பகுதியிலும் நூறு பேர் விழுகிறார்கள், பெரியம்மா அந்த நேரத்தில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பார். மாயாஜாலத் தொடர்களை எடுப்பவர்கள் பறக்கும் நாகத்துக்கும் எரியும் கோட்டைக்கும் கொட்டுகிற பணத்தைப் பார்த்தால், அதுதான் நம்மை அசைக்கிறது என்று நம்புவார்கள் போலிருக்கிறது. அது கண்ணை இழுக்கும், சந்தேகமில்லை. நெஞ்சைப் பிடிப்பது அதற்கு முன் வந்த எத்தனையோ பகுதிகளில் சேர்ந்த பழக்கம்தான்.

டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் ஆகிய இருவர் 1956-இலேயே இதைக் கவனித்து எழுதினார்கள். வாரா வாரம் வரவேற்பறைக்கு வரும் ஒரு முகத்தோடு நாம் ஒருதலையாக உறவு கொண்டாடத் தொடங்குகிறோம். அந்த முகத்துக்கு நம்மைத் தெரியாது, நமக்கோ அதன் நடை, பேச்சு, கோபம், கூச்சம் எல்லாம் அத்துப்படி. பெரியம்மா சகுனியைத் திட்டுகிற தோரணையைப் பார்த்தால் பழைய தோட்டத்துக் கிராணியைத் திட்டுவது போலவே இருக்கும். அண்டை வீட்டாரை எடைபோட மூளை எதைப் பயன்படுத்துகிறதோ அதையேதான் இங்கும் பயன்படுத்துகிறது. இதற்கென்று தனியாக எதுவும் கிடையாது.

எடைபோடுவதுதான் இதில் முக்கியம். டால்ஃப் ஸில்மன் என்ற ஆய்வாளர் 1970-களில் இதை ஒரு கோட்பாடாகவே ஆக்கினார். பார்வையாளர் சும்மா உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஒவ்வொரு செயலுக்கும் இவன் செய்தது சரியா தப்பா என்று தீர்ப்பு எழுதிக்கொண்டே இருக்கிறார். சரி என்று பட்டவன்மேல் பாசம் கூடும், தப்பு என்று பட்டவன்மேல் வெறுப்பு ஏறும். நல்லவனுக்கு நல்லது நடந்தால் மகிழ்ச்சி, கெட்டவன் அடிவாங்கினால் அதைவிட மகிழ்ச்சி. நல்லவனுக்குக் கெட்டது வரப்போகிறது என்ற பயம்தான் பரபரப்பு. கர்ணனிடம் இந்தத் தராசு திணறும். துரியோதனன் பக்கம் நிற்கிறான், சபையில் பாஞ்சாலியைக் கேவலமாகப் பேசினான். ஆனாலும் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாத கை. தீர்ப்பு எழுதி முடிக்க முடியாத பாத்திரத்தை மூளை சீக்கிரம் விடுவதில்லை.

அப்படிப்பட்ட ஒரு பாத்திரம் தன் உள்ளே இருப்பதைக் காட்டிவிடும் கணத்தில் கேமரா என்ன செய்கிறது என்று கவனியுங்கள்: முகத்துக்குப் போகும். 2004-இல் ஊரி ஹாசனும் கூட்டாளிகளும் 5 பேரை மூளை ஸ்கேன் எந்திரத்துக்குள் படுக்க வைத்து, ஒரு பழைய கௌபாய் படத்தை அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினார்கள். ஒருவர் மூளையில் ஏறி இறங்கிய வேலை இன்னொருவர் மூளையோடு எங்கெங்கே ஒத்துப்போகிறது என்று பார்த்தார்கள். மூளையின் வெளி அடுக்கான புறணியின் பரப்பில் சராசரியாக 29 விழுக்காடு ஒரே தாளத்தில் இயங்கியது. முகங்களுக்கென்று இருக்கும் பகுதி எப்போது உச்சத்துக்குப் போனது என்று பின்னோக்கித் தேடியபோது, அங்கெல்லாம் திரையில் இருந்தவை பெரும்பாலும் முகங்களின் நெருக்கக் காட்சிகள். (விளக்கு வெளிச்சத்தில் ஆடும் கூத்துக்காரருக்கு நெருக்கக் காட்சி கிடையாது. முகம் முழுக்க அரிதாரமும் புஜக்கட்டையும் கிரீடமும் அந்த வேலையைத்தான் செய்கின்றன என்பது என் ஊகம்.)

இனி உடம்புக்கு வருவோம். கவசத்தை அறுக்கும்போது பெரியம்மாவின் முன்கையில் மயிர் எழுந்து நின்றதை நான் பார்த்தேன். ஒவ்வொரு மயிரின் அடியிலும் ஒரு நுண்ணிய தசை உண்டு. ஆபத்து நேரத்தில் உடம்பை உசுப்பும் பரிவு நரம்பு மண்டலம் அதைச் சுண்டி இழுக்கும்போது புல்லரிக்கிறது. குளிருக்கும் பயத்துக்கும் உரோமத்தைச் சிலிர்க்க வைக்கும் விலங்குகளிடமிருந்து நமக்கு மிச்சமாக வந்தது அது. கண்ணீர்ச் சுரப்பிக்குக் கட்டளை போவதோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறான, உடம்பை அமைதிப்படுத்தும் நரம்புகள் வழியாக. ஒன்று முடுக்குகிறது, மற்றது தணிக்கிறது. ஃபிராங்ஃபர்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் ஒன்றில் தோலைப் படமெடுக்கும் கேமராவைப் பார்வையாளர்களின் உடம்பில் பொருத்தி, உருக்கமான படத்துண்டுகளைக் காட்டிப் பார்த்தார்கள். புல்லரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்த நேரங்கள்தான் உணர்ச்சி உச்சத்தில் இருந்த நேரங்கள் என்று 2017-இல் எழுதினார்கள்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் படித்தவர்களுக்கு இதில் பாதி பழைய செய்தி. எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்றும் அது பட்டியல் போடுகிறது. அழுகை பிறக்கும் நான்கில் இழவு ஒன்று. பெருமிதம் பிறக்கும் நான்கில் கொடை ஒன்று. கவசத்தைக் கொடுக்கும் காட்சியில் இரண்டும் ஒரே நேரத்தில் வருகின்றன.

இந்தப் பெருமிதத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒன்றை ஜொனாதன் ஹைட் என்ற உளவியலாளர் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார். ஒருவர் தன்னலம் இல்லாமல் ஒரு நல்ல காரியம் செய்வதைக் கண்டால் தொண்டை அடைக்கிறது, நெஞ்சுக்குள் இதமாக ஏதோ பரவுகிறது, கண் கலங்குகிறது. 2008-இல் ஜெனிஃபர் சில்வர்ஸுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது எனக்கே நம்பக் கஷ்டமாக இருந்தது. பாலூட்டும் தாய்மார்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சிரிப்புக் காட்சி. இன்னொரு பிரிவுக்கு, தன்னை அடிதடிக் கும்பல் வாழ்க்கையிலிருந்து மீட்ட இசை ஆசிரியருக்கு ஓர் இசைக்கலைஞர் நன்றி சொல்லும் காட்சி. இரண்டாவது பிரிவில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பால் கசிந்தது, அல்லது குழந்தையை எடுத்துப் பால் கொடுத்தார்கள். சிரிப்புக் காட்சி பார்த்தவர்களில் அப்படி நடந்தது வெகு சிலருக்குத்தான். பால் சுரப்புக்குக் காரணமான ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் இந்த நெகிழ்ச்சியிலும் வேலை செய்கிறது என்பது அவர்கள் அனுமானம். ஹார்மோனை நேராக அளக்கவில்லை, அதனால் இதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதைப் படித்ததும் புறநானூற்று 295-ஆம் பாட்டை எடுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. புறங்காட்டாமல் போர் செய்து வெட்டுப்பட்டுக் கிடக்கும் மகனைக் கண்ட முதிய தாய்க்கு வற்றிப்போன முலை ஊறிச் சுரந்தது என்று ஔவையார் பாடுகிறார். புலவர் மிகைப்படுத்தினார் என்று வகுப்பில் சொல்லித் தந்தார்கள்.

ஸில்மன் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். உடம்பில் ஏறிய படபடப்பு மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் அது இறங்கிவிட்டது என்று நாம் சீக்கிரமே நினைத்துக்கொள்கிறோம். 1975-இல் அவர் குழுவினர் சிலரை உடற்பயிற்சி செய்ய வைத்து, வெவ்வேறு இடைவெளிவிட்டுப் படம் காட்டினார்கள். நெஞ்சு இன்னும் வேகமாக அடித்துக்கொண்டிருந்தும் ஓய்ந்துவிட்டதாக நினைத்தவர்களுக்கே படம் அதிகக் கிளர்ச்சி தந்தது. மிச்சப் படபடப்பைப் படத்தின் கணக்கில் எழுதிவிட்டார்கள். தொடர் எடுப்பவர்கள் ஒரு துரத்தலையோ சண்டையையோ வைத்துவிட்டு உடனே தாயையும் மகனையும் சந்திக்க வைப்பது இந்தக் கணக்கில்தான். உச்சக் காட்சியில் பேராக் மழை கொட்டித் தட்டுக்குச் சிக்னல் போனால் வீட்டில் வெடிக்கும் கோபத்துக்கும் இதே கணக்கு பொருந்தும். மழைமேல் அவ்வளவு ஆத்திரம் யாருக்கும் இருக்காது. பாதி ஆத்திரம் சகுனியுடையது.

இனி பெரியம்மாவின் கேள்வி. முடிவு தெரிந்தும் ஏன் வயிறு எரிகிறது? ரிச்சர்ட் கெரிக் 1989-இல் செய்த சோதனை இதற்குக் கிட்டே வருகிறது. ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் அதிபரானார் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவர் பதவி ஏற்பாரா மாட்டாரா என்று இழுபறியாக எழுதிய சில வரிகளைப் படிக்க வைத்தபின் அதே செய்தி சரியா என்று கேட்டால், பதில் சொல்லக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்தார்கள். தெரிந்த செய்தி மறந்துபோகவில்லை. கதைக்குள் இருக்கும்வரை அதை எடுத்துக் கொடுக்க மனம் தயங்குகிறது. வட தமிழ்நாட்டில் கர்ண மோட்சம் கூத்தாடும் இரவில் விடிய விடிய உட்கார்ந்து அழும் கூட்டத்தில் கதை தெரியாதவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

பேரன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்குப் பிடித்தது கேம் ஆஃப் த்ரோன்ஸ் என்ற ஆங்கிலத் தொடர். 2016-இல் ஆறாவது பருவத்தின் ஐந்தாம் பகுதியில், நடக்க முடியாத பையனை முதுகில் சுமந்து திரிந்த ஹோடோர் என்ற வெள்ளந்திப் பிள்ளை, துரத்தி வரும் பிணப்படையைத் தடுக்கக் கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே சாகிறான். வருடக்கணக்காக அவன் ஏன் ஒரே சொல்லைச் சொல்லித் திரிந்தான் என்பதும் அந்த இடத்தில்தான் விளங்கும். "அதை யாராச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா அவனைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்" என்றான் பேரன். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தக் காட்சி அடிப்பது முன்னால் பார்த்த அத்தனை பகுதிகளையும் மனசு ஒரு நொடியில் திரும்பப் புரட்டி வேறு அர்த்தத்தில் அடுக்கிக்கொள்வதால்தான். முதல் தடவை மட்டுமே கிடைக்கும் அதிர்ச்சி அது.

ஆய்வுகளும் இந்த வழக்கில் இரண்டு பக்கமும் நிற்கின்றன. 2011-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் 12 சிறுகதைகளை வைத்துச் செய்த ஆய்வில், முடிவை முன்பே தெரிந்துகொண்டு படித்தவர்களுக்கே கதைகள் கூடுதலாகப் பிடித்தன. பிறகு வந்த வேறு ஆய்வில் ரசனை குறைந்ததாகவும் முடிவு வந்திருக்கிறது. கர்ணன் ரகக் காட்சியையும் ஹோடோர் ரகக் காட்சியையும் ஒரே தராசில் போடுவதால் வரும் குழப்பம் இது என்று நினைக்கிறேன். முதல் ரகத்தில் என்ன நடக்கும் என்பது தெரியும்; அவன் அதை எப்படித் தாங்குவான் என்று பார்க்கத்தான் உட்காருகிறோம். இரண்டாவது ரகத்தில் என்ன நடக்கும் என்பதே சரக்கு. ஹோடோரை மூன்றாவது தடவை பார்க்கும்போதும் பேரன் அழுகிறானா என்று கேட்டேன். "அது வேற" என்றான்.