மிச்ச டேட்டா யாருக்குச் சொந்தம்? தென்னாப்பிரிக்க மொபைல் விதிகள் தருவதும் தராததும்

30 நாள் செல்லும் டேட்டா பண்டில் (மொத்தமாக விற்கும் தொகுப்பு) ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். 29-ஆம் நாள் 600 எம்பி மிச்சம். மறுநாள் பார்த்தால் சைபர். “டேட்டா இனிமேல் காலாவதி ஆகாதுன்னு சட்டம் வந்துடுச்சே?” என்று டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இன்னும் கேட்பவர்கள் உண்டு. அப்படி ஒரு சட்டம் வரவில்லை. வந்தது வேறு.

‘டேட்டா மஸ்ட் ஃபால்’ (டேட்டா விலை இறங்க வேண்டும்) என்ற கூச்சல் 2016-இல் கிளம்பியது. அதற்குப் பிறகு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான இகாசா, வாடிக்கையாளர் சேவை விதிகளைத் திருத்தியது. நிறுவனங்கள் எதிர்த்தன, வழக்கு நீதிமன்றம் வரை போனது, கடைசியில் 2019 பிப்ரவரி 28 முதல் விதிகள் அமலுக்கு வந்தன. சாரம் நான்கு: டேட்டா கரைவதை அவ்வப்போது தெரிவிக்க வேண்டும், மிச்சத்தை நீட்டிக்க (ரோல் ஓவர்) வழி தர வேண்டும், இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க வழி தர வேண்டும், பண்டில் தீர்ந்தபின், உங்கள் சம்மதம் இல்லாமல் அதிக விலையில் கழிக்கக் கூடாது.

இதில் ‘வழி தர வேண்டும்’ என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். ரோல் ஓவர் தானாக நடக்காது, நீங்கள்தான் கேட்க வேண்டும். அதுவும் காலாவதிக்கு முன்பே. முடிந்த பிறகு கேட்டால், போன டேட்டாவைத் திருப்பித் தரச் சொல்லி விதியைக் காட்ட முடியாது. எத்தனை நாள் நீட்டிப்பு, அதற்குக் கட்டணம் உண்டா என்பதெல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம், பண்டிலுக்குப் பண்டில் மாறும். கட்டணம் இருந்தால், மிச்சமிருக்கும் டேட்டாவின் மதிப்போடு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 எம்பியைக் காப்பாற்றக் காசு கொடுப்பதைவிட விட்டுவிடுவது லாபம்.

பண்டில் வாங்கியதும் வரும் எஸ்எம்எஸ்ஸை அழித்துவிடாதீர்கள். முடியும் தேதி அதில் இருக்கும், பல சமயம் மணியும் இருக்கும். முடிவதற்கு இரண்டு நாள் முன்பு ஃபோனில் ஒரு அலாரம் வைத்துக்கொண்டால் போதும். மிச்சத்தைப் பார்க்க, மொபைல் நிறுவனங்களில் வோடாகாம் என்றால் *135#, எம்டிஎன் என்றால் *136# அடியுங்கள். ரோல் ஓவரும் மாற்றிக் கொடுப்பதும் அதே மெனுவுக்குள்ளோ, நிறுவனத்தின் ஆப்பிலோ இருக்கும். ‘நைட் டேட்டா’ என்று சேர்த்துக் கொடுப்பது பெரும்பாலும் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை மட்டும் செல்லும். “1 ஜிபி + 1 ஜிபி” என்று போட்டிருந்தால் இரண்டாவது ஜிபி தூங்கும் நேரத்துக்குத்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சம் பார்க்கும்போது இரண்டையும் கூட்டிப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம்.

மாற்றிக் கொடுப்பது ஒரே நிறுவனத்துக்குள் மட்டுமே நடக்கும். வோடாகாம் சிம்மிலிருந்து இன்னொரு நிறுவனமான செல் சி-யின் சிம்முக்குப் போகாது. வீட்டில் நாலு பேர், நாலு நிறுவனம் என்றால் இந்த உரிமை ஏட்டளவில்தான்.

இனி ‘அவுட் ஆஃப் பண்டில்’, அதாவது பண்டில் தீர்ந்தபின் எம்பி கணக்கில் காசு கழிவது. இந்த விதிகளிலேயே உண்மையில் பணத்தை மிச்சப்படுத்தியது இதுதான் என்பேன். எம்பிக்கு 50 சென்ட் என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு ஜிபி, அதாவது 1,024 எம்பி, 512 ராண்ட் ஆகிவிடும். அதே ஜிபி பண்டிலாக 99 ராண்டுக்குக் கிடைத்தால் எம்பிக்குப் பத்து சென்ட்கூட வராது. முன்பெல்லாம் பண்டில் தீர்ந்தது தெரியாமல், ஏற்றி வைத்த ஏர்டைம் (ப்ரீபெய்ட் பணம்) முழுவதும் இப்படியே கரைந்தது. இப்போது நீங்கள் ‘சரி’ சொல்லாவிட்டால் இணைப்பு நிற்க வேண்டும். ஆனால் அந்த ‘சரி’யை எப்போதோ அவசரத்தில் மெனுவில் அழுத்தியிருந்தால், அது அப்படியே இருக்கக்கூடும். ஏர்டைம் காரணமில்லாமல் குறைந்தால் முதலில் மெனுவில் அந்த ‘சரி’யைத் தேடி ரத்து செய்துவிடுங்கள்.

பண்டிலில் 50, 80, 100 சதவீதம் தீர்ந்ததும் தகவல் வர வேண்டும். 1 ஜிபிக்கு முதல் எஸ்எம்எஸ் 512 எம்பியில், அடுத்தது 820 எம்பி வாக்கில். கோயில் காவடியை ஃபோனில் நேரலையாகப் பார்க்கிறீர்கள் என்றால், சுமாரான தெளிவிலேயே மணிக்கு 500 எம்பி போய்விடும். முதல் எஸ்எம்எஸ் காவடி கோயிலை அடையும் முன்பே வந்துவிடும்.

எஸ்எம்எஸ் வரவேயில்லை என்பவர்களில் பலர் வீட்டு ரவுட்டரில் சிம் போட்டிருப்பவர்கள். தகவல் வந்திருக்கும், ஆனால் ரவுட்டருக்குள் இருக்கும் சிம்முக்கு. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் அடித்து உள்ளே போனால் எஸ்எம்எஸ் பெட்டி இருக்கும். இல்லையென்றால் சிம்மின் எண்ணை நிறுவனத்தின் ஆப்பில் சேர்த்துவிடுங்கள்.

விலைக்கும் இந்த விதிகளுக்கும் சம்பந்தமில்லை. அது போட்டி ஆணையத்தின் வேலை. 2019 டிசம்பர் அறிக்கையில் ஆணையம் சொன்னது: சின்ன பண்டில் வாங்கும் ஏழைதான் எம்பிக்கு அதிக விலை கொடுக்கிறார். அதன்பின் 2020 ஏப்ரலில் வோடாகாம் தன் 30 நாள் 1 ஜிபியை 149 ராண்டிலிருந்து 99-க்கு இறக்கியது, எம்டிஎன்னும் 99-க்கு வந்தது. இன்றும் எதை வாங்கும்போதும் ராண்டை எம்பியால் வகுத்துப் பாருங்கள்.

கான்ட்ராக்ட் எடுத்தவர்களுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு இருக்கிறது. 24 மாத ஒப்பந்தமானாலும் 20 வேலைநாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்து நடுவில் விலகலாம். சனி, ஞாயிறு, விடுமுறை கணக்கில் வராது, ஆக ஏறக்குறைய ஒரு மாதம். நிறுவனம் நியாயமான ரத்துக் கட்டணம் கேட்கலாம், ஃபோன் வாங்கிய பாக்கியையும் கட்டத்தான் வேண்டும். ஒப்பந்தம் முடிவதற்கு 40 முதல் 80 வேலைநாள் முன்பு அவர்களே எழுதித் தெரிவிக்க வேண்டும். நீங்கள் பதில் சொல்லாவிட்டால் அது மாதத்துக்கு மாதம் தொடரும். ஃபோனின் விலையைக் கட்டி முடித்த பிறகும் அதே தொகையைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

புகார் முதலில் நிறுவனத்துக்கே போக வேண்டும். குறிப்பு எண் வாங்காமல் ஃபோனை வைக்காதீர்கள். தேதி, கழிந்த தொகை, எஸ்எம்எஸ் ஸ்க்ரீன்ஷாட் மூன்றும் கையில் இருக்கட்டும். 14 வேலைநாளில் தீராவிட்டால் அந்தக் குறிப்பு எண்ணோடு இகாசாவுக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. குறிப்பு எண் இல்லாமல் போனால் “முதலில் நிறுவனத்திடம் கேளுங்கள்” என்று திருப்பி அனுப்புவார்கள்.

இன்னொரு இடத்திலும் புகார் நின்றுபோகும். சிம் பதிவைக் கட்டாயமாக்கிய ரிக்கா சட்டப்படி 2009 ஜூலை முதல் ஒவ்வொரு சிம்மும் ஒருவர் பெயரில் பதிவாக வேண்டும். வெளியாளுக்குக் கொடுத்தால் பதிவை மாற்றியாக வேண்டும், குடும்பத்தாருக்குக் கொடுத்தால் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் ஆயா பெயரில் வாங்கிய சிம்மைப் பேரன் வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டிருப்பான். ஆனால் கணக்கு விவரத்தை நிறுவனம் பதிவில் உள்ளவரிடம்தான் பேசும். ஆயாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஐடி புத்தகத்தையும் எடுத்து வைத்துவிட்டு அழையுங்கள்.