சாம்பல் ஏன் மிதக்கிறது?

வடசென்னையின் எர்ணாவூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் மூன்று புகைப்படங்களை அனுப்பியிருந்தார். கைவிடப்பட்ட தொழிற்கூடங்களைத் தேடிப்போய்ப் படமெடுப்பது அவருடைய பொழுதுபோக்கு. வேலிக்கு வெளியே சாலையில் நின்று எடுத்த முதல் படத்தில், கூரைத் தகடுகள் பாதி பறந்துபோன நிலக்கரிக் கன்வேயர் பாலமும் அதிலிருந்து அறுந்து தொங்கும் ரப்பர் பட்டையும் தெரிகின்றன. இரண்டாவது படத்தில் நிலக்கரி உடைக்கும் கட்டடத்தின் சன்னலிலிருந்து ஓர் அரசங்கன்று தலைநீட்டுகிறது. மூன்றாவது படத்தில், தேங்கிய நீரின்மேல் ஆறிய பாலின் ஏடுபோல வெளிர் சாம்பல் நிறத்தில் ஏதோ படர்ந்திருக்கிறது. “ஐயா, என் பாட்டி இதைக் கடல்நுரை என்கிறார், நண்பன் ரசாயன நுரை என்கிறான். ஆனால் தொட்டால் நுரைபோல உடையவில்லை, மாவுபோல விரலில் ஒட்டுகிறது. இது என்ன?” என்று கேட்டிருந்தார்.

அது சாம்பல்தான். அடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் போட்டவர்களுக்கு இந்தப் பதில் வியப்பாக இருக்கும், ஏனென்றால் நிலக்கரிச் சாம்பல் என்பது பெரும்பாலும் களிமண்ணும் மணலும் உருகி உறைந்த கண்ணாடி. கண்ணாடியின் அடர்த்தி நீரைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அது மூழ்கியிருக்க வேண்டும்.

வடசென்னையில் நிலக்கரி எரிந்த கதை நீளமானது. 1970இல் முதல் அலகோடு தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம், பின்னர் 5 அலகுகளும் 450 மெகாவாட் திறனுமாக வளர்ந்து, 2017 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. துணி காயப்போட்டால் கரி படிந்தது என்று இராயபுரத்துக்காரர்கள் சொல்வது வேறு கதை. அது துறைமுகத்தில் கொட்டிய நிலக்கரியின் தூசி, 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அங்கு நிலக்கரியைக் கையாள்வது நின்றது. நாம் பார்க்கப்போவது எரிந்து முடிந்த பிறகு மிஞ்சுவதை.

கப்பலிலோ சரக்கு ரயிலிலோ வரும் கரி உடைக்கப்பட்டு, கன்வேயரில் ஏறி, பங்கர் எனும் சேமிப்புத் தொட்டியில் விழுந்து, அரவை இயந்திரத்துக்குள் போகிறது. வெளியே வரும்போது அது முகப்பவுடர் அளவுக்கு நைசாக இருக்கும். பெரும்பகுதித் துகள்கள் 75 மைக்ரானுக்கும் சிறியவை (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அந்த மாவைக் காற்றோடு சேர்த்துப் பாய்லருக்குள் ஊதுவார்கள். இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 விழுக்காடு வரை எரியாத கனிமம் இருப்பதால், ஒவ்வொரு துகளும் பாதிக் கரி, பாதி மண் என்றே சொல்லிவிடலாம்.

இனி நான் நிதானமாகச் சொல்ல விரும்பும் இடம். தீச்சுடருக்குள் அந்தத் துகள் இருப்பது ஓரிரு விநாடிகள் மட்டுமே. சுமார் 1,400 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கரி எரிந்து தீர, களிமண் உருகித் துளியாகிறது. மழைத்துளியைப் போலவே பரப்பு இழுவிசை அதை உருண்டையாக்குகிறது. அதே நேரத்தில் துளிக்குள் சிக்கிய கரித்துணுக்கு எரிந்தும், இரும்பு ஆக்சைடு தன் ஆக்சிஜனைக் கரிக்குக் கொடுத்தும், உள்ளே வாயு உண்டாகிறது. வெளியேற வழியில்லாத அந்த வாயு துளியை ஊதிப் பெருக்குகிறது. எண்ணெய்ச் சட்டியில் பூரி உப்புவதும் இதே வேலைதான்: மேல்தோல் சரியாக அமைந்தால் நீராவி உள்ளே நின்று உப்பும், எங்காவது ஓட்டை விழுந்தால் தட்டையாகிவிடும். உருகிய கண்ணாடிக்கும் பாகுபோலப் பதம் உண்டு. தளர்வாக இருந்தால் குமிழி வெடித்துவிடும், இறுகிவிட்டால் உப்பவே உப்பாது. பதம் தப்பாமல் உப்பி, உப்பிய கையோடு சுடரைவிட்டு வெளியேறிக் குளிர்ந்து உறைபவை புகையோடு பறந்துபோகும் சாம்பலில் மிகச் சிறிய பங்குதான். அவற்றுக்குச் செனோஸ்பியர் என்று பெயர். கிரேக்க மொழியில் வெற்றுருண்டை என்று பொருள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 மைக்ரான் ஆரமுள்ள உருண்டைக்கு 5 மைக்ரான் தடிப்பில் ஓடு இருந்தால், உள்ளே உள்ள வெற்றிடத்தின் ஆரம் 45 மைக்ரான். 0.9இன் மும்மடி 0.729, ஆகவே கண்ணாடி நிரப்புவது மொத்தக் கன அளவில் 27 விழுக்காடு மட்டுமே. நீரின் அடர்த்தி 1, கண்ணாடியின் அடர்த்தி 2.3 என்று வைத்தால் உருண்டையின் சராசரி அடர்த்தி 0.62 ஆகிறது. நீரைவிடக் குறைந்ததால் மிதக்கும், ஆர்க்கிமிடீசுக்கு அது போதும். ஓட்டின் தடிப்பு ஆரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் அதே உருண்டை மூழ்கிவிடும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது உள்ளே இருக்கும் வாயு. ஓடு உறையும்போது அந்த வாயு ஆயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் இருந்தது. அறை வெப்பநிலைக்கு வரும்போது, பள்ளியில் படித்த வாயு விதிப்படி, அதன் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. உலை அணைந்து, இயந்திரங்கள் பழைய இரும்பு விலைக்குப் போன பின்னும், என்றோ எரிந்த சுடரின் வாயு கொஞ்சம் அந்தக் கண்ணாடிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

புகையிலிருந்து மின்புலத்தால் பிரித்தெடுத்த சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்பும்போது, கனமானவை அடியில் படிய, இவை மேலே வந்து காற்று ஒதுக்கிய கரையில் சேர்கின்றன. எண்ணெய்க் கிணற்றுச் சிமென்ட், இலகுவான பெயின்ட், வெப்பத் தடுப்புப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் இந்தத் தூள் வேண்டியிருப்பதால் அதற்கு நல்ல விலை. சாம்பல் வடக்கே கொட்டிக் கிடக்க, அதைக் காட்டக்கூடிய எலக்ட்ரான் நுண்ணோக்கிகள் நகரின் தெற்கே கிண்டியிலும் தரமணியிலும் இருப்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. திருவொற்றியூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றுக்கு நல்ல ஒளி நுண்ணோக்கி வாங்கித்தர எந்த ஆராய்ச்சி நிதியும் திவாலாகிவிடாது.

பாட்டியையும் எளிதில் தள்ளிவிட முடியாது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பது கணவாய் ஓடு. அதுவும் நுண்ணிய வெற்றறைகள் இருப்பதால்தான் மிதக்கிறது. பொருளில் தவறினாலும் காரணத்தில் பாட்டி பக்கத்தில் வந்துவிட்டார்.

மாணவருக்கு ஓர் எச்சரிக்கை: கட்டடத்துக்குள் போகவேண்டாம். துருப்பிடித்த தளங்கள் மட்டும் ஆபத்தில்லை. மூடிய பங்கரில் மிஞ்சிய நிலக்கரி மெதுவாக ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே இறங்குபவர் மூச்சுத் திணறலை உணரும் முன்பே மயங்கிவிடலாம். உலர்ந்த சாம்பலருகே முகக்கவசம் கட்டாயம்.

அவர் அதன்பின் அந்தச் சாம்பல் ஏட்டில் ஒரு சிட்டிகையைக் கல்லூரி நுண்ணோக்கியில் வைத்து, கண்வில்லைமேல் கைப்பேசியைப் பிடித்து நான்காவது படத்தை எடுத்து அனுப்பினார். முத்துபோன்ற உருண்டைகளுக்கு நடுவே ஒன்று முட்டை ஓடுபோல உடைந்திருந்தது. அதன் உள்ளே இன்னும் சிறிய உருண்டைகள் நெருக்கியடித்துக் கிடந்தன.