கேமரா நெருங்குவதும் லென்ஸ் நெருக்குவதும்

முகம் மட்டும் திரையை நிறைக்கும் குளோசப், இடுப்பு வரை காட்டும் மிட் ஷாட், சூழலோடு சேர்த்து ஆளை முழுதாகக் காட்டும் லாங் ஷாட் என்ற வகைப்பாடு, சட்டகத்துக்குள் மனித உடல் எவ்வளவு இடம்பெறுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்தச் சட்டகத்தைக் கேமரா எவ்வளவு தொலைவிலிருந்து பிடித்தது என்பதை அது சொல்வதில்லை. காட்சியின் உணர்வைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு அந்தத் தொலைவுக்கே உண்டு என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணம் எளிய வடிவியலில் இருக்கிறது.

சினிமா கேமராக்களில் பரவலாக உள்ள சூப்பர் 35 என்ற அளவு உணரியின் (லென்ஸ் வழி வரும் ஒளியைப் படமாகப் பதியும் பகுதியின்) அகலம் ஏறத்தாழ 25 மி.மீ. அதில் 25 மி.மீ. குவியத்தூரம் உள்ள லென்ஸைப் பொருத்தி (இந்த எண் கூடக்கூட லென்ஸ் குறுகிய பகுதியைப் பெரிதாகக் காட்டும்), நாயகியிடமிருந்து 2 மீட்டர் தள்ளிக் கேமராவை வைத்தால், அவர் நிற்கும் இடத்தில் 2 மீட்டர் அகலம் படத்தில் அடங்கும். அதே அகலத்தை 100 மி.மீ. லென்ஸில் பெற வேண்டுமானால், கேமரா 8 மீட்டர் தொலைவுக்குப் போக வேண்டும். இரண்டு ஷாட்டிலும் நாயகி ஒரே அளவில்தான் தெரிவார். அவருக்கு 6 மீட்டர் பின்னால், அவர் உயரமே உள்ள ஒருவர் நிற்பதாகக் கொள்வோம். முதல் ஷாட்டில் அந்த ஆள் கேமராவிலிருந்து 8 மீட்டரில் இருப்பதால் நாயகியின் உயரத்தில் கால் பங்காகவும், இரண்டாவதில் 14 மீட்டரில் இருப்பதால் பாதிக்குச் சற்று மேலாகவும் தெரிவார். கேமராவை நகர்த்தாமல் லென்ஸை மட்டும் மாற்றினால் இந்த விகிதம் துளியும் மாறாது. அப்போது லென்ஸ் காட்சியின் ஒரு பகுதியைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். குவியத்தூரம் அதிகமுள்ள டெலி லென்ஸில் எடுத்த கடைத்தெரு நெரிசலாகத் தோன்றுவதற்கும் கேமரா வெகுதொலைவில் இருப்பதே காரணம்.

முகத்திலேயே இதைக் காணலாம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் ஆழத்தில் 12 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். மூக்கிலிருந்து 50 செ.மீ. தொலைவில் கேமரா இருந்தால், காது 62 செ.மீ. தொலைவில் இருக்கும், மூக்கு ஏறத்தாழ கால் பங்கு கூடுதலாகப் பெருத்துத் தெரியும். 2 மீட்டரிலிருந்து எடுத்தால் அந்த வேறுபாடு 6 விழுக்காடாகக் குறைந்துவிடும்.

கேமராவை நகர்த்தும் டிராலி வண்டியையும், குவியத்தூரத்தை மாற்றும் ஜூமையும் எதிரெதிராக இயக்கும் உத்தி இந்த வடிவியலை ஒரே ஷாட்டுக்குள் நிகழ்த்திக் காட்டுகிறது. 1958-இல் வெளிவந்த ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ படத்தில், உயரத்தைக் கண்டு அஞ்சும் ஒருவரின் தலைசுற்றலைக் காட்ட இது கையாளப்பட்டது. முதன்மைக் குழுவுக்குத் துணையாகத் தனியே படமெடுக்கும் இரண்டாம் அலகின் ஒளிப்பதிவாளர் இர்மின் ராபர்ட்ஸ் இதை உருவாக்கினார். மாடிப்படிக் கிணற்றின் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து, அதைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, கேமராவைத் தரைமட்டத்திலேயே நகர்த்திப் படமெடுத்தனர். 1975-இல் ‘ஜாஸ்’ படத்தில், கேமரா முகத்தை நெருங்க நெருங்க ஜூம் விரிந்துகொண்டே போனதால், முகம் அப்படியே இருக்கப் பின்னணி மட்டும் விலகி ஓடியது.

இதைச் சரியாக எடுப்பது கடினம். முன்சொன்ன கணக்கின்படி கேமரா 2 மீட்டரிலிருந்து 8 மீட்டருக்குப் பின்வாங்கினால், குவியத்தூரம் 25-இலிருந்து 50 மி.மீ. ஆக முதல் 2 மீட்டருக்குள் இரட்டிப்பாக வேண்டும். அடுத்த இரட்டிப்பு 4 மீட்டர் தூரத்துக்குப் பரவும். டிராலியைச் சீரான வேகத்தில் தள்ளினாலும், இந்த விகிதம் பிசகாமல் ஜூம் அதைத் தொடர வேண்டும். ஃபோகஸும் கூடவே மாறிக்கொண்டிருக்க வேண்டும். இவற்றில் ஜூம் சற்றுப் பிந்தினாலும் முகம் திரையில் சுருங்குவதை நம் கண் உடனே பிடித்துவிடும்.