ஆற்று போர்டில் மீனவருக்கு இடம்: மனு எழுதுவதற்கு முன்

"ஆறு சம்பந்தமா ஒரு போர்டு இருக்காமே, அதுல நம்ம ஊர் ஆளு ஒருத்தரைப் போடச் சொல்லணும்." எண்ணூர் பக்கம் ஊர்க்கூட்டம் போட்டால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். நியாயமான ஆசைதான். ஆனால் எந்த போர்டு என்று பார்க்காமலே மனு எழுத உட்கார்ந்துவிடுகிறோம்.

சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை என்று ஒன்று உண்டு. அடையாறு பூங்காவுக்காகத் தொடங்கியது, 2010-ல் இந்தப் பெயருக்கு மாறியது. அது அரசு அமைத்த அறக்கட்டளை. அதில் மீனவருக்கு இத்தனை இடம் என்று சட்டப் பிரிவைக் காட்டிக் கேட்க வழியில்லை. மனு கொடுக்கலாம், ஆனால் இடம் கிடைத்தால் அது அவர்கள் விருப்பம்.

உரிமையாகக் கேட்கக்கூடிய இடம் வேறு. கடலோரத்தில் எது செய்யலாம், எது கூடாது என்று மத்திய அரசு போட்ட விதிதான் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. அது 2011-ல் வந்ததும் சரி, 2019-ல் வந்ததும் சரி, கலெக்டர் தலைமையில் மாவட்டக் குழு வேண்டும் என்கிறது. மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோரச் சமூகங்களிலிருந்து குறைந்தது மூன்று பேர் அதில் இருக்க வேண்டும். 'கடலோரம்' என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். உப்புத்தண்ணீர் ஏறி இறங்கும் வரை ஆறும் கழிமுகமும் இதற்குள்தான் வரும். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் வலை போடுகிறவருக்கு இதுதான் வாசல்.

வாசல் இருக்கிறதே தவிர, உள்ளே போவது அத்தனை லேசு இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் பாலித்தீன் கவரில் நான்கு ஒப்புகைச் சீட்டு வைத்திருக்கிறார். நான்கும் வெவ்வேறு அலுவலகம். நான்கிலிருந்தும் வந்த பதில் ஒரே வரி: "உரிய அலுவலகத்தை அணுகவும்." உரியது எது என்று ஒருவரும் எழுதவில்லை.

அதனால் மனுவுக்கு முன்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கடிதம் போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கலெக்டர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. குழுவில் இருக்கும் மூன்று பேர் யார், எந்த ஊர், எந்த ஆணைப்படி நியமித்தார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று மட்டும் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. "அது எங்க செக்‌ஷன் இல்லை" என்று திருப்பி அனுப்பவும் முடியாது. ஐந்து நாளுக்குள் அவர்களே உரிய அலுவலகத்துக்கு மாற்றியாக வேண்டும், பிரிவு 6(3). இந்தப் பட்டியல் இல்லாமல் போனால் "ஏற்கெனவே ஆள் இருக்காங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இருக்கலாம்தான். ஆற்றில் கால் வைக்காத ஆளாகவும் இருக்கலாம். மீனவர்கள் தேர்ந்தெடுத்த ஆள்தான் வேண்டும் என்று அறிவிக்கையில் இல்லை, அதுதான் பெரிய ஓட்டை.

அடுத்தது படகுக் கேள்வி. "போட்டு ரெஜிஸ்டர் ஆகியிருக்கா? சங்கத்துல மெம்பரா?" கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்களும், கூடையில் மீன் விற்கிற பெண்களும் இதிலேயே கழன்றுவிடுவார்கள். 2023 டிசம்பர் எண்ணூர் எண்ணெய்க் கசிவுக்கு அரசு அறிவித்த நிவாரணத்தில் 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய் தனியாக இருந்தது. படகே இல்லாதவர் அந்தக் கணக்கில் எப்படி வருவார்? ஆனால் மாவட்டக் குழு இடத்துக்கு அறிவிக்கை கேட்பது பாரம்பரியக் கடலோரச் சமூகம் என்ற ஒன்றைத்தான், படகை இல்லை. அந்த வரியை ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு இணைத்துவிடுங்கள்.

அப்புறம் மாவட்ட எல்லை. கழிமுகத்தின் தென்கரை சென்னை, வடக்கே அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி எல்லாம் திருவள்ளூர் மாவட்டம். காட்டுக்குப்பத்துக்காரர் வீடு சென்னைப் பக்கம், வலை திருவள்ளூர்ப் பக்கம். ராஜாஜி சாலையில் இருக்கும் சென்னை கலெக்டர் அலுவலகத்தில் திருவள்ளூர் போ என்பார்கள், திருவள்ளூரில் ரேஷன் கார்டைப் பார்த்துவிட்டுச் சென்னை போ என்பார்கள். (அந்தச் சென்னை அலுவலகத்துக்குச் சிங்காரவேலர் மாளிகை என்று பெயர். மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர்.) வீடு இருக்கும் மாவட்டத்தில் இடம் கேளுங்கள், மீன்பிடிக்கும் மாவட்டத்துக்கு அதே மனுவின் நகலைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். திங்கட்கிழமை மனுநாளில் கொடுத்தால் எண் போட்ட சீட்டு வாங்காமல் நகராதீர்கள். தனி ஆள் மனுவைவிட ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்மானத்துக்கு மதிப்பு அதிகம். அதிலும் ஒரே பெயர் எழுதாமல் மூன்று பெயர் எழுதுங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்.

இடம் கிடைத்துவிட்டது என்றே வையுங்கள். கூட்டத்துக்கு முந்தின சாயங்காலம் போன் வரும், போனால் ஆங்கிலத்தில் ஒரு கட்டுக் காகிதம், கூடவே வருகைப் பதிவேடு. அந்தக் கையெழுத்துதான் பிறகு "மீனவப் பிரதிநிதிகளின் ஒப்புதலோடு" என்று கோப்பில் ஏறும். உங்கள் ஊர் ஆள் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே "வந்தேன், மூன்றாம் பொருளை ஏற்கவில்லை" என்று தமிழில் எழுதி, அந்தப் பக்கத்தை செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வரட்டும்.