பரப்பு பொருந்தினால் போதுமா? புல அளவுகளைக் கணினியில் ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை

எஃப்எம்பி-யில் (ஒவ்வொரு சர்வே புலத்தின் வரைபடமும் அளவுகளும் உள்ள நில அளவைப் பதிவேடு) உள்ள அளவுகளை சிவில் 3டி என்ற வரைபட மென்பொருளில் அடித்து முடித்ததும், பெரும்பாலான இளம் பொறியாளர்கள் செய்யும் ஒரே சோதனை, கோடுகளை மூடி ஏரியா எடுத்துப் பட்டாவோடு ஒப்பிடுவது. 0-40.50 (ஹெக்டேர்-ஏர்) என்று பட்டாவில் இருந்து, திரையில் 4,050 சதுர மீட்டருக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் "டேலி ஆயிடுச்சு" என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். மனைப்பிரிவு வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மிக ஆபத்தான தவறுகள் இந்தச் சோதனையில் சிக்குவதே இல்லை.

ஒரு புலம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி வரையப்பட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் சரியாக இருக்கும். மூலைவிட்டங்கள் சரியாக இருக்கும். பரப்பு கடைசித் தசம இலக்கம் வரை பொருந்தும். ஆனால் அந்தப் படத்தை எப்படித் திருப்பினாலும் தரையில் உள்ள நிலத்தின்மேல் உட்காராது. மேற்கே சாய வேண்டிய வாய்க்கால் கிழக்கே சாயும். கல் நட வரும்போது பக்கத்துக்காரர் வரப்பில் போய் நிற்போம்.

இது நடப்பதற்கு மூன்று வழிகளை அடிக்கடி பார்க்கிறேன். முதலாவது, ஜி-லைனில் (அளவைக்காகப் புலத்துக்குள் போடும் அடிப்படைக் கோடு) நடக்கும் திசையை வைத்து இடப்பக்கம், வலப்பக்கம் என்று பிரித்து எழுதிய ஆஃப்செட்டுகளை (அந்தக் கோட்டிலிருந்து எல்லைப் புள்ளிக்குச் செங்குத்தாக அளந்த தூரங்கள்) ஏற்றும்போது பக்கம் மாறுவது. ஒன்று மட்டும் மாறினால் எல்லைக்கோடு கோணலாகிக் கண்ணில் படும். எல்லாமே ஒரே சீராக மாறினால் படம் அழகாகவே இருக்கும். இரண்டாவது, மூன்று பக்க நீளங்களைக் கொண்டு முக்கோணம் வரைவது. ஒரு பக்கத்தின் இரு முனைகளிலிருந்தும் மற்ற இரு நீளங்களுக்குப் போடும் வட்டங்கள் இரண்டு இடங்களில் வெட்டும், கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. எதை எடுத்தாலும் நீளம் சரியாகத்தான் இருக்கும்.

மூன்றாவதுதான் டோட்டல் ஸ்டேஷன் (கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் மின்னணுக் கருவி) வந்தபின் பெருகியிருக்கிறது. புள்ளிப் பட்டியலில் சிலர் நார்திங்கை (வடக்கு நோக்கிய தூரம்) முதலில் எழுதுவார்கள், சிலர் ஈஸ்டிங்கை (கிழக்கு நோக்கிய தூரம்). இறக்குமதி செய்யும்போது தவறான வரிசையைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் இடம் மாறும். வடமேற்கில் இருந்த கிணறு தென்கிழக்குக்குப் போய்விடும். வடகிழக்கு மூலையோ வடகிழக்கிலேயே இருக்கும். அந்த மூலையை மட்டும் பார்த்துத் திருப்தி அடைபவருக்குச் சந்தேகமே வராது. அதனால்தான் தொடக்கப் புள்ளிக்கு நாமாக ஒரு உத்தேச ஆயத்தொலைவு கொடுக்கும்போது இரண்டுக்கும் 1000, 1000 என்று கொடுக்க வேண்டாம் என்கிறேன். நார்திங்குக்கு 5000, ஈஸ்டிங்குக்கு 1000 என்று தொடங்குங்கள். இடம் மாறினால் எண்ணைப் பார்த்ததுமே தெரியும்.

கண்ணாடிப் பிழையைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. எஃப்எம்பி-யில் புலத்தைச் சுற்றி அண்டைச் சர்வே நம்பர்கள் எழுதியிருக்கும். அவற்றைக் கடிகாரச் சுற்றில் வாய்விட்டுப் படியுங்கள். பிறகு திரையில் உள்ள படத்தையும் அதே சுற்றில் படியுங்கள். வரிசை எதிராக வந்தால் படம் புரண்டிருக்கிறது. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

நீளங்களைச் சோதிக்க எஃப்-லைன்தான் (எல்லைக்கோட்டிலேயே அளந்த நீளம்) சரியான சாட்சி. ஆஃப்செட் வைத்து எல்லைப் புள்ளிகளைக் குறித்தபின், அவற்றுக்கு இடையே மென்பொருள் காட்டும் தூரத்தை எஃப்எம்பி-யில் எழுதியிருக்கும் எஃப்-லைன் அளவோடு ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் 0.27, 0.45, 0.63 என்று ஒன்பதால் வகுபடும் வித்தியாசம் காட்டினால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 5.63-ஐ 5.36 என்று அடித்திருப்போம். கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாகப் பேரேட்டில் பயன்படுத்தும் இந்தச் சோதனை நமக்கும் உதவும்.

பழைய எஃப்எம்பி என்றால் அலகைப் பார்த்துவிட்டுத்தான் விசைப்பலகையில் கை வைக்க வேண்டும். லிங்க்கை (அளவைச் சங்கிலியின் நூறில் ஒரு பங்கு) மீட்டர் என்று எடுத்தால் பரப்பு 24 மடங்குக்கு மேல் பெருகி உடனே காட்டிக்கொடுத்துவிடும், அதைப் பற்றிக் கவலையில்லை. கவலை, "ஒரு லிங்க் 20 சென்டிமீட்டர்தானே" என்று சுருக்குவதில்தான். 66 அடிச் சங்கிலியின் லிங்க் 0.201168 மீட்டர். 0.2 என்று பெருக்கினால் 300 லிங்க் கோட்டில் 35 சென்டிமீட்டர் போய்விடும். பரப்பில் ஏக்கருக்கு ஒரு சென்ட்டுக்கு மேல் குறையும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. நகர ஓரத்தில் அதற்கு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

கோணத்திலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. 45 பாகை 30 நிமிடம் 15 விநாடியை 45.3015 என்று அடிக்கும் வடிவம் சிவில் 3டி-யில் உண்டு. ஆனால் அமைப்பு தசமப் பாகையில் இருந்தால், அதே எண் 45 பாகை 18 நிமிடமாக ஏறும். 100 மீட்டர் தொலைவில் புள்ளி 35 சென்டிமீட்டர் விலகும். மூடிய டிராவர்ஸ் (தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வரும் அளவைக் கோடுகளின் தொடர்) என்றால் உட்கோணங்களின் கூட்டுத்தொகை இதைக் காட்டும். கருவி நின்ற நிலையத்திலிருந்து தனியாக எடுத்த பக்கப் புள்ளிகளுக்கு அந்தக் காவல் கிடையாது.

தரையின் உயர வித்தியாசங்களை எழுதும் லெவல் புக்கிலும் இதே கதைதான், ஆனால் இங்கே பணம் நேரடியாகப் போகிறது. பேக்சைட் (கருவியை வைத்ததும் எடுக்கும் முதல் ரீடிங்) கூட்டுத்தொகையிலிருந்து ஃபோர்சைட் (கருவியை மாற்றும் முன் எடுக்கும் கடைசி ரீடிங்) கூட்டுத்தொகையைக் கழித்தால் கடைசி ஆர்எல்லுக்கும் (ஒரு புள்ளியின் கணக்கிட்ட உயரம்) முதல் ஆர்எல்லுக்கும் உள்ள வித்தியாசம் வர வேண்டும். வந்துவிட்டால் லெவல் சரி என்று நினைக்கிறோம். இடையில் எடுத்த இன்டர்மீடியட் ரீடிங்குகள் அந்தக் கணக்கிலேயே இல்லை. ரைஸ் அண்ட் ஃபால் (அடுத்தடுத்த புள்ளிகளின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடும்) முறையில் போட்டாலும், ஒரு இடைப் புள்ளியின் தவறு ஏற்றத்தில் கூடினால் அடுத்த இறக்கத்திலும் கூடி, தானே அடிபட்டுப் போகும். 10 மீட்டர் கட்டத்தில் ஒரே புள்ளியை 1.385-க்குப் பதில் 1.835 என்று அடித்துவிட்டால், 45 சென்டிமீட்டர் பள்ளம் ஒன்று உருவாகிறது. அந்தப் புள்ளியைச் சுற்றி வழக்கமாக அமையும் ஆறு முக்கோணங்களில் சுமார் 45 கன மீட்டர், நம் கணக்கில் 16 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி) மண். இல்லாத பள்ளத்துக்கு யாரோ பணம் கொடுப்பார்கள்.

இதற்கு நான் நம்பும் ஒரே மருந்து, நெருக்கமான இடைவெளியில் கான்டூர் (சம உயரக் கோடு) போட்டுப் பார்ப்பது. சமதளத்தில் ஒரே புள்ளியைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கோடு விழுந்தால், லெவல் புக்கில் அந்தப் பக்கத்தை எடுத்துப் படியுங்கள். உண்மையிலேயே அங்கே குழி இருக்கலாம். களத்துக்குப் போனவரிடம் கேட்காமல் திருத்தக் கூடாது.

எக்செல் வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உட்பிரிவு எண் 12/3 என்று அடித்தால் அது தேதியாக மாறிவிடும். அந்த நெடுவரிசையை முதலிலேயே டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள்.

எங்கள் வழக்கம் இதுதான். ஒருவர் நோட்டைப் பார்த்து வாசிப்பார், ஒருவர் அடிப்பார். முடிந்ததும் அடித்தவர் திரையைப் பார்த்து வாசிப்பார், மற்றவர் நோட்டில் டிக் போடுவார். இந்த இரண்டாவது வாசிப்பைத் தவிர்க்கவே கூடாது. தானே அடித்ததைத் தானே சரிபார்க்கும் கண், இருப்பதை விட்டுவிட்டு எதிர்பார்ப்பதைத்தான் படிக்கும். ரீடிங்குகளைக் களத்தில் எழுதியபடியே ஏற்றுங்கள். கையால் கணக்குப் போட்ட ஆர்எல்லை ஏற்றினால், பின்னால் யாரும் தவறின் வேரைக் கண்டுபிடிக்க முடியாது.

இத்தனையும் செய்தபின் பரப்பு பட்டாவோடு பொருந்தவில்லை என்றால்? ஸ்கேல் கமாண்டைத் தொடாதீர்கள். பரப்பை வரவழைக்கப் படத்தை ஒரு சதவீதம் நீட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படி நீட்டிய நொடியில் அளந்த ஒவ்வொரு நீளமும் பொய்யாகிவிடுகிறது. அளவுப்படி வந்த பரப்பையும் பட்டாப் பரப்பையும் படத்திலேயே பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். உரிமையாளரிடம் காட்டுங்கள். தேவையென்றால் அவர் நில அளவைக்கு மனு கொடுக்கட்டும். அந்த அளவை முடிந்து கல் காட்டும் வரை லேஅவுட்டில் மனை எண் போட வேண்டாம்.