கூத்துக்காரர் கையில் நோட்டீஸைக் கொடுப்பதற்கு முன்

சேலம் மாவட்டத்தில் வளரிளம் பெண்களோடு வேலை பார்க்கும் சமூகப் பணியாளர் நான். குழந்தைத் திருமணம், பாதியில் நிற்கும் படிப்பு, வீட்டுக்குள் நடக்கும் அடி உதை, இவைதான் என் அன்றாடம். ஓமலூர், மேச்சேரி, எடப்பாடி, வாழப்பாடி பக்கத்து ஊர்களுக்கும் ஏற்காட்டு மலைமேல் இருக்கும் மலையாளி பழங்குடி ஊர்களுக்கும் போய்வருகிற வேலை. இதில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவர்கள் தெருக்கூத்துக் கலைஞர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடமோ, தொண்டு நிறுவனமோ, ஊராட்சியோ, கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டமோ, யாராக இருந்தாலும் சரி, விழிப்புணர்வுக்கு ஒரு கலைக்குழுவைக் கூப்பிடப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

வழக்கமாக என்ன நடக்கிறது? நிதியாண்டு முடிகிற நேரத்தில் மிச்சப் பணத்துக்கு நிகழ்ச்சி வைப்பார்கள். குழுவுக்கு முந்தின நாள் போன் போகும். இரண்டு பக்க நோட்டீஸ் ஒன்று வாட்ஸப்பில் வரும், அதில் சட்டத்தின் பெயர், தண்டனை, உதவி எண் எல்லாம் இருக்கும், அதை முக்கால் மணி நேரத்துக்குள் பாட்டாகவும் வசனமாகவும் சொல்லிவிட வேண்டும். பேருந்து நிலையத்திலோ சந்தையிலோ பேனரைக் கட்டி, பறையடித்துக் கூட்டம் சேர்த்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, போட்டோ எடுத்து, கையெழுத்து வாங்கி, அடுத்த ஊருக்கு வண்டி கிளம்பிவிடும். பார்த்தவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். ஆட்டம் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் 18 வயதுக்கு முன்னால் பெண்ணுக்குக் கல்யாணம் செய்யக்கூடாது என்பது இந்த மாவட்டத்தில் யாருக்கும் தெரியாத செய்தி இல்லை. தெரிந்துதான் செய்கிறார்கள். ஏன் செய்கிறார்கள் என்ற இடத்துக்கு நோட்டீஸ் போகாது, கலைஞர் போவார். அவரைப் போகவிடாமல் நாம்தான் கையைக் கட்டிவிடுகிறோம்.

ஒருமுறை மேச்சேரிப் பக்கத்து வாத்தியார் ஒருவரிடம் (ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, நடத்துகிறவரை வாத்தியார் என்றுதான் சொல்வோம்) 2006-ம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், கல்யாணத்தை நடத்தி வைத்தவரும் மாட்டுவார் என்றெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "சரிங்க மேடம், போலீஸ் வந்து கல்யாணம் நின்னுபோச்சு. மறுநாள் காலையில அந்தப் புள்ள குழாயடிக்குத் தண்ணி எடுக்கப் போவணுமே, அப்ப நாலு பேரு என்ன பேசுவாங்க? அதுக்கு உங்க சட்டத்துல என்ன இருக்குது?" அந்த மறுநாள் காலைதான் அவருடைய ஆட்டம் ஆனது. கல்யாணம் நின்றுபோன பெண்ணைக் குழாயடியில் நான்கு பெண்கள் பேசுகிறார்கள், அந்த நான்கு பேரும் ஆண்கள் கட்டிய பெண் வேஷம், கூட்டத்தில் இருந்த பெண்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் மெதுவாக ஒருவரை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். தண்டனை விவரத்தை அவர் சொல்லவே இல்லை, ஆட்டம் முடிந்ததும் நான்தான் சொன்னேன். அந்த வேலைப் பிரிவினை சரியாகவே இருந்தது.

நல்லதங்காள் கதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஞ்சம் பிழைக்க ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள், அண்ணன் ஊரில் இல்லை, அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள், பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். எங்கள் பக்கத்தில் அந்தக் கதைக்கு அழாத பெண்கள் இல்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சம் மிகக் கொடூரமாக அடித்த மாவட்டங்களில் பழைய சேலம் ஜில்லாவும் ஒன்று. பசியில் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியாத தாயின் கதை இங்கே வெறும் கதையாக நின்றிருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் என் தொழிலில் இருந்து பார்த்தால் எனக்கு அதில் ஒரு பயமும் உண்டு. புருஷன் வீட்டிலும் இடமில்லாமல், பிறந்த வீட்டிலும் இடமில்லாமல், கையில் குழந்தையோடு இருக்கும் ஒரு பெண் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து கிணற்றுக் காட்சியைப் பார்த்தால் அவளுக்கு என்ன தோன்றும்? சாவை ஒரு விடுதலை மாதிரி காட்டுவது ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருப்பவர்களை அந்தப் பக்கம் இழுக்கும் என்பது மனநலத் துறையில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம். இதை ஒரு குழுவிடம் பேசினோம். கதையை மாற்று என்று சொல்லவில்லை, அது அவர்களுடைய கதை, நமக்கு அந்த உரிமை கிடையாது. அவர்களே உட்கார்ந்து பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

எங்கள் நிகழ்ச்சிக்கு ஆடும்போது கதவு சாத்தும் இடத்தில் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். மத்தளமும் தாளமும் நிற்கும். கோமாளி களரியை, அதாவது ஆடுகளத்தை, விட்டு இறங்கிக் கூட்டத்துக்குள் போவார். "மூளி அலங்காரி சாத்திப்புட்டா. இந்த ஊர்ல யார் வூட்டுக் கதவு தெறக்கும்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வருவார். முதல் ஆள் தலையைக் குனிவார். இரண்டாவது ஆள், எங்க வீட்டுக்காரரைக் கேட்கணும் என்பார். கோமாளி விடமாட்டார், "நடுச்சாமத்துல வந்து நிக்கிறவளுக்கு நீ வூட்டுக்காரரக் கேட்டுக்கிட்டு இருப்பியா?" என்று மடக்குவார். ஒரு ஊரில் வயதான அம்மா ஒருவர் எழுந்து நின்று, "எங்க வூட்டுக்கு வரச் சொல்லு சாமி, கம்பங்கூழு இருக்குது" என்றார். நல்லதங்காள் வேஷக்காரர் ஏழு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, அதாவது ஊர்க் குழந்தைகளில் ஏழு பேரைப் பிடித்துக்கொண்டு, அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால், பார்வையாளர்களையே ஆட்டத்துக்குள் இழுத்து முடிவை மாற்றிப் பார்க்கச் சொல்லும் ஒரு முறையை உருவாக்கியவர், உலகம் முழுக்க அதற்குப் பயிற்சி நடக்கிறது. நம் கோமாளிக்கு அந்த வேலை கைவந்தது. களரியில் ராஜாவையும் கேள்வி கேட்கலாம், இறங்கி வந்து ஊர்ப் பெரியவரையும் கேட்கலாம் என்ற உரிமையை கூத்து அவருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு பெண் வந்து நல்லதங்காள் வேஷக்காரரிடம்தான் பேசினாள். அங்கன்வாடி ஊழியரிடம் இல்லை, என்னிடமும் இல்லை. "அண்ணா, எனக்கும் கதவு சாத்திட்டாங்க." இப்படி நடக்கும் என்று எதிர்பார்த்துத்தான் நிகழ்ச்சிக்குப் போக வேண்டும். ஆட்டம் ஒன்றைத் திறந்துவிடும், திறந்ததை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். ஊரில் தெரிந்த கிராம சுகாதார செவிலியரோ ஆசிரியையோ கூடவே இருக்க வேண்டும், குழுவில் இருப்பவர்களுக்குக் குழந்தைகள் உதவிக்கு 1098, பெண்கள் உதவிக்கு 181, மனநல உதவிக்கு 104, 14416 ஆகிய எண்கள் தெரிந்திருக்க வேண்டும், மறுநாள் யாராவது அந்த வீட்டுக்குப் போக வேண்டும். இதைச் செய்யாமல் அழவைத்துவிட்டு வண்டியேறிப் போவது தப்பு, எனக்கு இதில் இரண்டாவது கருத்தே கிடையாது.

கலை மட்டும் மாற்றிவிடும் என்று பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. வேண்டாம் என்று நினைக்கும் பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்கச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் தொடங்கியதே சேலத்தில்தான். பெண் சிசுக்கொலைக்குப் பேர் வாங்கிய மாவட்டம் இது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 851 பேர்தான். முன்பு சேலம் ஜில்லாவோடு இருந்த தர்மபுரியில் 1990-களின் கடைசியில் ஊர் ஊராகக் கலைப்பயணம் போனார்கள். உள்ளூர் ஆட்களையே பழக்கி, பெண் குழந்தையை ஏன் கொல்கிறோம் என்பதையே நாடகமாக ஆடினார்கள். நிலம் யாருக்குப் போகிறது, வரதட்சணை எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் வெளிப்படையாகப் பேசினார்கள். அதற்குப் பலன் இருந்தது, ஆனால் கூடவே கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்த செவிலியர்கள் இருந்தார்கள். எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கமும் அப்படித்தான். பாட்டுக் கேட்டுக் கூட்டம் கூடியது, அடுத்த வாரமே அதே தெருவில் விளக்கு வைத்துப் பாடம் நடத்தத் தொண்டர் ஒருவர் வந்து உட்கார்ந்தார், அதனால்தான் 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் பெண்கள் எழுதப் படிக்கக் கற்றதோடு சைக்கிளும் ஓட்டினார்கள்.

கலைஞர் எடுக்கும் ஆபத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாம் ஜீப்பில் வந்து ஜீப்பில் போய்விடுவோம். கூத்துக்காரருக்கு அந்த ஊரில் மாரியம்மன் பண்டிகைக்கு ஆட்டம் வேண்டும், சாவு வீட்டில் கர்ண மோட்சக் கூத்துக்குக் கூப்பிட வேண்டும். ஊர்ப் பெரியவர் வீட்டிலேயே பதினாறு வயதுப் பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருக்கிற ஊரில் கோமாளி வாய் திறந்தால் அடுத்த வருஷம் வெற்றிலை பாக்கு வேறு ஜமாவுக்குப் போகும். சாதி இதில் இன்னும் ஒரு சுமை. எந்தத் தெருவில் களரி போடுவது, ஆடியவர்களுக்கு எங்கே சாப்பாடு போடுவது என்பதிலேயே சண்டை வரும் ஊர்கள் இன்றைக்கும் இருக்கின்றன. எம்.ஆர். ராதாவின் நாடகங்களைக் கட்டுப்படுத்தத்தான் 1954-ல் நாடகச் சட்டம் வந்தது என்பார்கள். அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2013 ஆகிவிட்டது, நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில். டெல்லி தெருநாடகக் கலைஞர் சப்தர் ஹஷ்மியை 1989 ஜனவரி 1 அன்று டெல்லிக்குப் பக்கத்து சாகிபாபாத்தில் தெருநாடகம் நடத்திக்கொண்டிருக்கும்போதே அடித்தார்கள், மறுநாள் இறந்தார், நான்காம் தேதி அவருடைய மனைவி மொலயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குப் போய் அந்த நாடகத்தை ஆடி முடித்தார்கள். இவ்வளவு பெரிய விலையை எல்லோரும் கொடுக்கப் போவதில்லை. ஆனால் சின்ன விலையை எங்கள் பக்கத்துக் கலைஞர்கள் தினமும் கொடுக்கிறார்கள், அதனால் எந்த ஊரில் எதைப் பேசலாம், யார் பெயரைத் தொடாமல் பேசலாம் என்பதை அவர்கள் முடிவுக்கே விடுங்கள்.

மலைமேல் நிலைமை வேறு. சேலத்திலிருந்து குழுவைக் கூட்டிக்கொண்டு ஏற்காட்டு ஊர்களுக்குப் போனால் மரியாதையாக உட்கார்ந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். அவர்களுக்கென்று பாட்டு இருக்கிறது, ஆட்டம் இருக்கிறது. மே மாதக் கோடை விழாவில் அந்த ஆட்டத்தை மேடையேற்றிச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள், காட்டட்டும், ஆனால் அந்த ஆட்டத்தை வைத்து அவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்ள விரும்புகிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. ஒரு ஊரில் இளைஞர்கள் சிலரிடம் கேட்டோம். குழந்தைத் திருமணம் என்று நான் எதிர்பார்த்தேன், அவர்கள் எடுத்தது பஸ். எட்டாவதுக்கு மேல் படிக்க வெளியே போக வேண்டும், சாயங்காலம் திரும்ப பஸ் கிடையாது, காப்பித் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் இருட்டில் பெண்ணை அனுப்பப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்திய பெண்ணை வீட்டில் எத்தனை நாள் வைத்திருப்பது என்று கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். நான் பேச வந்த விஷயத்தின் வேர் அங்கே இருந்தது. தங்கள் தாளத்திலேயே அதை ஆடினார்கள். மே 1 கிராம சபையில் பஸ் கேட்டு மனு வைத்தார்கள். பஸ் இன்னும் வரவில்லை. ஆனால் பெண்களை ஒன்றாகச் சேர்த்து, கூட ஒரு பெரியவரை அனுப்பி, நடத்திக் கூட்டிவருவது என்று ஊரே முடிவு செய்தது, அது இன்றைக்கும் நடக்கிறது.

கூத்தில் எல்லாமே நல்லது என்று சொல்ல மாட்டேன். கறுப்பு நிறத்தைக் கேலி செய்வது, திக்குவாயைக் கேலி செய்வது, திருநங்கைகளைக் கேலி செய்வது, பெண் உடம்பை வைத்துச் சிரிக்கவைப்பது எல்லாம் கோமாளியின் பழைய சரக்கு. இதை நிறுத்துங்கள் என்று அதிகாரி மாதிரி உத்தரவு போட்டால் எங்கள் முன்னால் நிறுத்துவார்கள், பண்டிகையில் மறுபடி வரும். உருப்படியாக வேலை செய்தது ஒன்றுதான். ஒத்திகைக்குக் குழுக்காரர்களின் மனைவி, மகள், பக்கத்து வீட்டுப் பெண்களைப் பார்வையாளர்களாக உட்காரவைத்தோம். எந்த இடத்தில் அவர்கள் சிரிக்கவில்லை என்று கோமாளியே பார்த்துக்கொண்டார். பத்தாவது படிக்கிற மகள் சிரிக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு நகைச்சுவையை ஒருவர் அன்றோடு விட்டுவிட்டார்.

அதனால் குழுவைக் கூப்பிடுகிறவர்கள் இரண்டு வாரம் முன்னாலேயே கூப்பிடுங்கள். நோட்டீஸைக் கொடுக்காதீர்கள், அந்த ஊரின் பிரச்சினையைச் சொல்லுங்கள், முடிந்தால் ஒரு நாள் முன்கூட்டியே அவர்களை அந்த ஊருக்கு அழைத்துப்போய் டீக்கடையில், தறிக்கூடத்தில், குழாயடியில் உட்காரவையுங்கள், அந்த நாளுக்கும் சம்பளம் கொடுங்கள். நிகழ்ச்சிப் பணத்தை அன்றைக்கே கையில் கொடுங்கள். ஆடி முடிந்தால் பண்டிகைகள் குறையும், தை மாசி வரை பல கலைஞர்கள் தறிக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள், பில் பாஸாகவில்லை என்று மூன்று மாதம் இழுத்தடித்தால் அந்தக் குடும்பம் வட்டிக்கு வாங்கித்தான் சாப்பிடும். சமூக நீதி பேச வந்தவருக்குக் கூலி பாக்கி வைக்கக்கூடாது. ஆட்களைத் தேட வேண்டும் என்றால், மேட்டூர்ப் பக்கம் ஏர்வாடியில் இருந்து மணல்வீடு இதழையும் களரி அமைப்பையும் நடத்தும் எழுத்தாளர் மு. ஹரிகிருஷ்ணன் போன்றவர்கள் இந்த வட்டாரக் கூத்துக்காரர்களை வருஷக் கணக்காக ஆவணப்படுத்திக் கௌரவித்து வருகிறார்கள், அவர்கள் வேலையைப் பாருங்கள். அப்புறம், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-லேயே வந்துவிட்டது, இன்னும் பதிவு செய்யாத கலைஞர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய பேர் இருக்கிறார்கள், பொம்பளை வேஷம் கட்டியே வயதாகிப்போனவர்கள் முக்கியமாக. உங்கள் நிகழ்ச்சிக்கு வருகிறவர்களிடம் வாரிய அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லை என்றால் படிவத்தை வாங்கிக்கொடுத்து உடன் இருந்து நிரப்பிக் கொடுங்கள், சேலத்திலேயே கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகம் இருக்கிறது.