சைட்டேஷன்: மேற்கோளா, சுட்டுகையா?

மண்டபம் பக்கம் கடலுயிரியல் படிக்கும் பிள்ளைகள் ஓர் ஆய்வாளரைப் பற்றிப் பேசினால், ‘அவருக்கு எத்தனை சைட்டேஷன்?’ என்ற கேள்வி சீக்கிரமே வந்துவிடும். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலம் தலைமையிடம் கொண்டிருந்ததே இந்த ஊரில்தான். ஆய்வுக் கட்டுரை இந்தக் கரைக்குப் புதிதல்ல. இந்தச் சொல்லுக்குத் தமிழ்தான் இன்னும் உறுதிப்படவில்லை.

ஓர் ஆய்வுக் கட்டுரை தனக்கு முந்தைய ஒன்றைப் பெயர் சொல்லிக் காட்டுவது சைட்டேஷன். காட்டப்பட்ட கட்டுரையின் கணக்கில் ஒன்று கூடும். வேர், லத்தீனின் ‘சிட்டாரே’: அசைத்தல், அழைத்தல். வழக்கு மன்றத்துக்கு ஆளை வரவழைக்கும் அழைப்பாணைக்கு வழங்கிய பெயர், பிறகு ஒரு நூலைச் சாட்சிக்கு அழைப்பதற்கும் ஆயிற்று. சட்டத்தோடு உள்ள உறவு அதோடு விடவில்லை. எந்தத் தீர்ப்பைப் பின்வந்த எந்த வழக்கு எடுத்தாண்டது என்று காட்டும் ஷெப்பர்டு தொகுப்பு அமெரிக்காவில் 1873 முதல் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அறிவியலுக்கும் அப்படியொன்று வேண்டும் என்று அமெரிக்கத் தகவலியலாளர் யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் எழுதினார். எந்தக் கட்டுரையை எது காட்டியது என்று சொல்லும் அவருடைய அட்டவணை 1964-இல் வெளிவந்தது.

ஓர் ஆய்வாளரின் சைட்டேஷன்களை ஒரே எண்ணில் அளக்கும் எச்-சுட்டெண் 2005-இல் வந்தது. தந்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்னும் கோட்பாட்டு இயற்பியலாளர். ஒருவருடைய 20 கட்டுரைகள் தலைக்கு 20 முறையாவது காட்டப்பட்டிருந்து, 21-ஐ அப்படி எட்ட முடியாவிட்டால் அவருடைய சுட்டெண் 20. உயிர் அறிவியலில் இந்த எண் இயற்பியலைவிட உயர்ந்து நிற்கும் என்று அவரே அக்கட்டுரையில் சொல்லியிருக்கிறார். புற்றுநோய் ஆய்வாளரின் எண்ணையும் கோட்பாட்டு இயற்பியலாளரின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடைபோடுவது அதனால் தவறு.

இரண்டு வைன்பர்க்குகளைப் பாருங்கள். புற்றுநோயின் அடையாளப் பண்புகளைத் தொகுத்து ராபர்ட் வைன்பர்க், டக்ளஸ் ஹனஹனோடு 2000-இல் எழுதிய கட்டுரை புற்றுநோய்த் துறையிலேயே மிக அதிகமாகக் காட்டப்படுவனவற்றில் ஒன்று. ஸ்டீவன் வைன்பர்க் 1967-இல் எழுதிய இயற்பியல் கட்டுரையை 1971 வரை ஏறக்குறைய யாரும் கண்டுகொள்ளவில்லை. அதே கட்டுரைதான் 1979-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க வழி செய்தது. 1970-இல் எண்ணிப் பார்த்தவர் என்ன முடிவுக்கு வந்திருப்பார்!

ஒரே பெயரில் புற்றுநோயும் கோட்பாட்டு இயற்பியலும் கலந்த பட்டியலைக் கண்டால் முதலில் கேட்க வேண்டியது, இது ஒரே ஆள்தானா என்பது. இரண்டிலும் எழுதும் பால் டேவிஸ் போன்றவர்கள் உண்டு. ஆனால் தலைப்பெழுத்தும் பெயருமாக எழுதும் நம்மிடம் ‘எஸ். முனியசாமி’ என்றால் இராமநாதபுரம் மாவட்டத்தில் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள்? கீழக்கரையில் ‘எம். முகமது’ என்றாலும் அதே கதைதான். ஆளுக்கொரு 16 இலக்க எண் தரும் ஆர்கிட் முறை 2012-இல் வந்தது இந்தக் குழப்பத்துக்காகவே.

இனித் தமிழ்ச் சொல். பெருவழக்கு ‘மேற்கோள்’. பிறர் சொற்களை அப்படியே எடுத்து வைப்பதற்கு அது மிகப் பொருத்தம். ஆய்வுக் கட்டுரையோ பெரும்பாலும் ஒரு வரிகூட எடுக்காமல் பெயரையும் ஆண்டையும் மட்டும் காட்டிவிட்டுப் போகும். அதோடு, ‘மேற்கோள்’ என்றதுமே காட்டுபவர் ஏற்றுக்கொண்டார் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஒரு நூலாசிரியர் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் ஏழு நிலைகளை நன்னூல் ‘எழுவகை மதம்’ என்கிறது; அதில் ‘உடன்படல், மறுத்தல்’ என்று இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறது. ‘பிறர்நூற் குற்றங் காட்டல்’ என்று தனியாகவும் சொல்கிறது. மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மேல், கடலில் வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ் பாசி படர்ந்ததைப் பற்றி 2008-இல் ஒரு கட்டுரை வந்தது. பாசி வளர்ப்பை எதிர்ப்பவரும் அதைக் காட்டுவார், அதன் முடிவை மறுப்பவரும் காட்டியே ஆகவேண்டும். கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

‘சுட்டுகை’ என்ற சொல்லை நான் வேண்டுவது இதனால்தான். சுட்டுவது புகழ்வதுமல்ல, இகழ்வதுமல்ல. மேற்கோளை அதன் பழைய வேலைக்கே விட்டுவிடலாம். எண்ணிக்கையைச் சுட்டுகை எண்ணிக்கை என்றும், ஒருவர் எழுதியவற்றின் வரிசையை வெளியீட்டுப் பட்டியல் என்றும் சொல்லலாம். தன் கட்டுரையைத் தானே காட்டிக்கொள்வது தற்சுட்டுகை. பட்டியலைப் படிக்கும்போது அதைக் கழித்துவிட்டே எண்ண வேண்டும்.